ஓடிய மண்ணுக்கு ஈடு

ஐப்பசி மழை பிடித்த மறுநாள் காலையில் தென்காசியின் சிற்றாற்றுப் பாலத்தின்மேல் ஒரு கூட்டம் நிற்கும். சாரல் காலத்தில், ஆனியிலும் ஆடியிலும், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம் என்னும்படி தெளிந்து வருகிற அதே ஆறு, வடகிழக்குப் பருவமழையின்போது செங்கல்லைக் கரைத்துவிட்டதுபோல் வருகிறது. “புது வெள்ளம் வந்திட்டு” என்று மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது, யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்று பாலத்தின்மேல் நின்றவர்களில் ஒருவராவது கேட்டு நாம் கண்டதில்லை. நாமும் நெடுங்காலம் கேட்டதில்லை.

கேளாமல் இருந்ததற்கு ஒரு நியாயமும் இருந்தது. நம் பகுதி உழவர்களுக்கு ஆற்றோடு வருகிற மண் அந்நியமானதன்று. குளம் வற்றிய கோடையில் கரம்பை அள்ளி, மாட்டுவண்டியில் ஏற்றி, வயலுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர்கள் நம் முன்னோர். மேட்டில் கரைந்தது குளத்தில் தங்கியது. குளத்தில் தங்கியது வயலுக்குப் போனது. மலைக்கும் வயலுக்கும் இடையே இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருந்ததால், மண் போகிறது என்ற எண்ணம் எழவில்லை. மண் வருகிறது என்றே எண்ணினோம். மேட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு பிடி கரைந்த வரையில் அந்தக் கணக்குச் செல்லுபடியாயிற்று. ஒரே இரவில் ஒரு சரிவே இறங்கி வரும்போது அது பொய்த்துப்போகிறது.

மண்ணை ஓடவிடுவது பாவமா என்ற கேள்வியை இந்த இதழின் வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறோம். சிலருக்குக் கேள்வியே விசித்திரமாகத் தோன்றலாம். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையில் நான்கு வகைத் தவறுகளை எண்ணிச் சொல்கிறோம். சிந்தனையைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் செயலைப் பற்றியும் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். நான்காவதாகிய கடமை தவறுதலைச் சொல்லும்போது மட்டும் நம் நாவு விரைந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. செய்தது கண்ணுக்குத் தெரிகிறது. செய்யாமல் விட்டதற்கோ உருவம் இல்லை. ஆனால் அது ஒருநாள் உருவம் எடுத்து வந்து நின்றதை நாங்கள் கண்டோம்.

குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் சரிவு நிலம் உண்டு. மேல்புறம் பாறையும் காடும். கீழ்ப்புறம் ஓர் ஓடை. நிலத்தின் நடுவே, சரிவுக்குக் குறுக்காக, தாத்தா காலத்துக் கல் கையாலை ஒன்றும் அதை ஒட்டி வரிசையாகப் பதினொரு மரங்களும் இருந்தன. ஐந்து புளி, மூன்று நாவல், இரண்டு வேம்பு, ஒரு வாகை. புளியைத் தவிர மற்றவற்றால் பெரிய வருமானம் இல்லை. அவை ஏன் ஒரே வரிசையில் நிற்கின்றன என்று நாங்கள் தாத்தாவைக் கேட்கவில்லை. கேட்கும் வயது வருமுன் அவர் போய்விட்டார்.

1986ஆம் ஆண்டு எங்கள் தங்கையின் திருமணம் வந்தது. தகப்பனார் இல்லை. அண்ணன் தம்பி இருவரும் கூடிப் பேசி, மரங்களைச் சூளை வியாபாரி ஒருவருக்கு விற்றோம். வெட்ட வந்தவர்களில் ஒரு பெரியவர், எங்கள் நிலத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “மரத்தக் கொண்டு போகட்டும்யா. தூர மட்டும் விட்டிருங்க. அது துளுத்துக்கிடும்.” தூர் கிடந்தால் ஏர் ஓட்ட இடைஞ்சல் என்று, மறுகோடையில் சருகைக் குவித்து ஒவ்வொரு தூரையும் எரித்தோம். கையாலைக் கல்லைக் கிணற்றுக் கட்டுக்கு எடுத்துக்கொண்டோம். தென்னங்கன்று நட்டு, இடையில் மரவள்ளி போட்டோம். திருமணம் நன்றாக நடந்தது. செய்தது தவறு என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் எங்களுக்கு விளங்கியிராது. தங்கையைக் கரையேற்றுவதும் கடமைதானே!

அடுத்த ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. மரவள்ளி நன்றாகவே விளைந்தது. பெரியவர் வீணாகப் பயமுறுத்தினார் என்று சிரித்துக்கொண்டோம். 1992 நவம்பரில் நெல்லை மாவட்டம் முழுவதையும் புரட்டிய அந்தப் பெருமழை வந்தது. ஓர் இரவில் மரவரிசை இருந்த இடத்திலிருந்து கீழே நிலம் இரண்டு இடங்களில் பிட்டுக்கொண்டு இறங்கியது. இறங்கிய மண் எங்கள் எல்லையில் நிற்கவில்லை. ஓடைக்கு இப்புறம் கணவனை இழந்த ஒரு முதிய பெண்மணிக்கு அரை ஏக்கர் நஞ்சையும் ஒரு சிறு கிணறும் இருந்தன. நட்டு ஒரு மாதமான நெற்பயிர் தெரியவில்லை. கிணறு வாய்மட்டத்துக்குச் செம்மண்ணாய் நிறைந்து கிடந்தது.

விடிந்ததும் ஓடிப்போய் நின்றோம். அந்த அம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தார். எங்கள்மேல் சீறுவார் என்று பயந்துகொண்டு போனோம். அவர் நிமிர்ந்து பார்த்து, “மழ பெஞ்சா மண்ணு வரத்தானய்யா செய்யும். நீங்க என்ன செய்வீங்க?” என்றார்.

அந்த வார்த்தை எங்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பதை இன்று எண்ணினால் நாணமாக இருக்கிறது. இரண்டு ஆட்களை இரண்டு நாள் கூலிக்கு விட்டு வாய்க்காலைத் திறந்து கொடுத்தோம். ஒரு மூட்டை அரிசி அனுப்பினோம். கிணற்றைத் தூர்வாரிக் கொடுக்கச் செலவு அதிகம் என்று விட்டுவிட்டோம். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரில் எங்களை இரக்கமுள்ளவர்கள் என்றார்கள். கொடுக்க வேண்டிய கடனில் ஒரு பகுதியைத் தர்மமாகக் கொடுத்து, அதற்கு நன்றியையும் வாங்கிக்கொண்டோம். அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போனபோது கோபத்தையும் பொய்யையும் சொன்னோம். மண்ணைச் சொல்லவில்லை. மறைத்தோம் என்பதில்லை, அது சொல்ல வேண்டிய ஒன்று என்று தோன்றவேயில்லை.

ஏன் தோன்றவில்லை? இதைப் பல ஆண்டுகள் கழித்தே ஓரளவு புரிந்துகொண்டோம். ஒரு மரத்தை வெட்டியவுடன் அதன் வேர் மறைந்துவிடுவதில்லை. தண்டு போனாலும் வேர் சில ஆண்டுகள் மண்ணுக்குள் கயிறுபோலக் கிடந்து, மெல்ல மெல்ல உளுத்து வலுவிழக்கிறது. சரிவுகளில் மரம் வெட்டிய ஆண்டிலேயே நிலம் சரிவது குறைவு. சில ஆண்டுகள் கழித்து, பழைய வேர் மக்கிப் புது வேர் பிடிக்காத இடைவெளியில்தான் ஆபத்து உச்சத்துக்குப் போகிறது என்பது மண்ணியல் படித்தவர்கள் உலகின் பல நாடுகளில் கண்டறிந்த உண்மை. தூரை எரிக்காமல் விட்டிருந்தால் புளி துளிர்த்திருக்கும், வேர் பிழைத்திருக்கும். பெரியவர் எந்தக் கல்லூரியிலும் படியாமல் அதைத்தான் சொன்னார். செயலுக்கும் விளைவுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டால் நம் மனச்சான்று இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. அடித்தவுடன் அழுகுரல் கேட்டால்தான் அதற்கு விழிப்பு வருகிறது.

“மழைதான் செய்தது” என்பது நம்மிடையே வலுவான வாதம். ஆண்டவர் அனுப்பும் மழைக்கு மனிதர் என்ன செய்ய முடியும் என்கிறோம். ஆனால் சீனாய் மலையின் சட்டம் இந்த வாதத்தை அத்தனை எளிதாக ஏற்கவில்லை. விடுதலைப் பயண நூலின் 21, 22ஆம் அதிகாரங்களில் இரண்டு சின்னச் சட்டங்கள் உள்ளன. ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டு, அதில் பிறருடைய மாடோ கழுதையோ விழுந்தால், வெட்டியவனே விலை கொடுக்க வேண்டும். முள்ளில் பற்றிய நெருப்புப் பரவி அயலானின் கதிர்க்கட்டுகளை எரித்தால், பற்றவைத்தவனே ஈடுசெய்ய வேண்டும். குழி வெட்டியவன் மாட்டைத் தள்ளவில்லை. தீயை அடுத்த வயலுக்குக் கொண்டுபோனது காற்று. ஆயினும் ‘மாடு கண் தெரியாமல் விழுந்தது’ என்றோ ‘காற்று அடித்தது’ என்றோ தப்பித்துக்கொள்ள அங்கே வழியில்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்று அச்சட்டம் கேட்கவில்லை. உன் நிலத்திலிருந்து புறப்பட்டதா என்று மட்டும் கேட்கிறது.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்திலுள்ள கட்டளை நம்மை இன்னும் நெருங்கி வருகிறது. புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால், யாராவது விழுந்து இறக்கும்போது அந்த இரத்தப் பழி அவன் வீட்டின்மேல் வரும். இது எத்தனை வீட்டுப்பாங்கான கட்டளை! வழிபாட்டு முறைகளுக்கும் பெரும் பாவங்களுக்கும் நடுவே, ஒரு கொத்தனாரிடம் சொல்ல வேண்டியதைக் கடவுளின் பெயரால் சொல்கிறது. செய்யாமல் விட்ட ஒன்றுக்கு உருவம் கொடுக்கிறது. சரிவு நிலத்தின் குறுக்கே தாத்தா வைத்த மரவரிசை ஒரு கைப்பிடிச் சுவர். எங்களைப் பொறுத்தவரை நாங்கள் சுவர் எழுப்பாதவர்கள்கூட இல்லை. எழுப்பியிருந்ததை விறகு விலைக்கு விற்றவர்கள்.

ஏழாம் கட்டளையைப் பற்றிய மறைக்கல்வியில் சிறுவயதிலேயே ஒன்றைக் கற்றோம். களவு செய்தவன் பாவமன்னிப்புப் பெற்றாலும், எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை நீங்குவதில்லை. சக்கேயு மனம் மாறியதை மரத்திலிருந்து இறங்கியதைக் கொண்டு நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்க முன்வந்ததைக் கொஞ்சம் மறந்துவிடுகிறோம். ஆனால் மண்ணை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஓர் அங்குல மேல்மண் பாறையிலிருந்தும் சருகிலிருந்தும் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. சிற்றாறு அதைச் சீவலப்பேரிக்கருகே தாமிரபரணியில் சேர்த்துவிட்டது, தாமிரபரணி கடலுக்கு. போன மண்ணுக்கு நாணயத்தில் விலை இல்லை. இனி போகாமல் நிறுத்துவது ஒன்றுதான் நம் கையில் இருக்கிற ஈடு. மரம் நடுவதை நாம் ஒரு தொண்டாக, ஒரு நற்செயலாக, புகைப்படத்துக்குரிய விழாவாகப் பேசிவருகிறோம். சரிவு நிலக்காரருக்கு அது தொண்டன்று, கடன் அடைப்பது என்பதே நாம் வந்து சேர்ந்த முடிவு.

திருச்சபையின் போதனையும் இத்திசையில்தான் நடந்து வந்திருக்கிறது. 1990 சனவரி முதல் நாள், உலக அமைதி நாளுக்கான செய்தியைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முழுக்க முழுக்கப் படைப்போடு நாம் கொள்ள வேண்டிய அமைதியைப் பற்றியே எழுதினார். 1997இல் கான்ஸ்டாண்டிநோபிளின் முதுபெரும் தந்தை பர்த்தலமேயு, இயற்கைக்கு இழைக்கும் தீங்கைப் பாவம் என்ற சொல்லாலேயே குறித்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் அதை எடுத்துக்காட்டியதோடு, பின்வரும் தலைமுறைக்கு நாம் செய்ய வேண்டியதை விருப்பத்தின்பாற்பட்டதாக அன்றி நீதியின்பாற்பட்டதாகவே வைத்தார். இவற்றை நம் பங்குகளில் படித்தோம். சூன் 5ஆம் நாள் கன்றுகளும் நட்டோம். கன்று நட்ட குழியில் மறு ஆண்டும் அதே இடத்தில் கன்று நடுவதை எத்தனை வளாகங்களில் கண்டிருக்கிறோம்! குழிக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு நிறுத்தம் வேண்டும். ‘மரம் நடுக’ என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் உழவருக்குச் சரிவின் குறுக்கே இரண்டு மரவரிசை என்றால் விளைநிலத்தில் ஒரு பகுதி போகிறது. நிழலில் பயிர் குன்றுகிறது. கன்றை ஆடு தின்கிறது. வளர்ந்ததை யானை சாய்க்கிறது. பலனோ கீழேயுள்ள குளத்துக்கும், குளத்துப் பாசனக்காரருக்கும், ஆற்றுநீர் குடிக்கும் ஊருக்கும் போகிறது. செலவு மேலே, பலன் கீழே. நஞ்சைக்காரர் மேட்டுநிலத்தாரைப் பார்த்து, ‘நீ ஏன் மண்ணைப் பிடித்து வைக்கவில்லை?’ என்று மட்டும் கேட்டால் அது நீதியன்று. ‘பிடித்து வைக்க உனக்கு நான் என்ன தர வேண்டும்?’ என்றும் கேட்டாக வேண்டும். 1974-75இல் தொடங்கிய மேற்குத் தொடர்ச்சி மலை வளர்ச்சித் திட்டம் அரசின் பணத்தால் மண்காப்புப் பணிகளைச் செய்ய முனைந்ததில் இந்த நியாயம் அடங்கியிருந்தது. வேறொரு சிக்கலும் உண்டு. தமிழகத்தில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் வெட்ட முடியாத மரத்தை எதற்கு நட வேண்டும் என்று சிறு உழவர் நினைத்தால் அவரைக் குறை கூறவும் முடியாது.

மலையை மாற்றியது ஏழை உழவர்தான் என்பதும் உண்மையன்று. 1800ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்குக் கிராம்புச் செடியைக் கொண்டுவந்து வைத்தது குற்றாலத்திலிருந்த அதன் வாசனைப் பொருள் தோட்டத்தில்தான். 1929இல் சிங்கம்பட்டி சமீன் மாஞ்சோலைப் பகுதியில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரை ஒரு கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சந்தையின் பெயரால் மலை முதலில் பெரிய கைகளால் திருத்தப்பட்டது. சிறிய கைகள் பின்னால் வந்தன.

மரத்தையும் மந்திரமாக எண்ணிவிடக்கூடாது. 2024 சூலை 30ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த நிலச்சரிவு, மேலே காடு நின்ற உயரத்திலிருந்தே புறப்பட்டது. மண்ணும் அதன் அடியிலுள்ள உளுத்த பாறையும் ஆழத்தில் நீர் கோத்துக்கொண்டால் எந்த வேரும் தாங்காது. அதே 2024இன் மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அதற்கு மேலேயுள்ளதும் காடுதான். அந்த வெள்ளத்தை அடிவாரத்து உழவர்மேல் ஏற்றுவது அநீதி. மரம் செய்யக்கூடியது அளவுக்குட்பட்டது: துளியின் அடியைத் தாங்குகிறது, சருகால் தரையை மூடுகிறது, ஆண்டு முழுவதும் மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அடுத்த மழைக்கு இடம் வைக்கிறது, மேலுள்ள சில அடி மண்ணை வேரால் தைத்து வைக்கிறது. நம் நிலங்களில் ஓடிப்போவது பெரும்பாலும் அந்தச் சில அடிதான்.

எந்த மரம் என்பதும் ஒரு கேள்வி. தேக்கின் அகன்ற இலை சிறு துளிகளைச் சேர்த்துப் பெருந்துளியாக்கி உயரத்திலிருந்து விடுகிறது; அடியில் புல்லும் சருகும் இல்லாத தேக்குத் தோப்பில் வெட்டவெளியைவிட அதிகமாகவும் மண் கரையலாம். நீலகிரியில் புல்வெளிகளை வெற்றிடம் என்று கருதிச் சீகை மரத்தையும் தைலமரத்தையும் நட்டார்கள். அந்தப் புல்தான் மலையின் பஞ்சு என்பது பிறகு விளங்கியது. மண்ணைக் காப்பதில் புல்லைக் குறைவாக எண்ணியவர்களுக்கு வெட்டிவேர் ஒரு பாடம். கருநாடகத்தின் குண்டல்பேட்டைப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாக வரப்பில் நட்டுவந்த அந்தப் புல்லை, 1980களில் உலக வங்கியின் வேளாண் அறிஞர்கள் கண்டு உலகெங்கும் எடுத்துச் சென்றார்கள். நாம் தலைக்கு வைக்கவும் பானைத் தண்ணீரில் போடவும் மட்டும் அறிந்திருந்த வேர்!

தொலைவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் வடதீவில் கிழக்குக் கரையோர மலைநாட்டில், குடியேறியவர்கள் காட்டை அழித்து ஆட்டு மேய்ச்சலுக்குப் புல் விதைத்தார்கள். 1988 மார்ச்சில் போலா என்ற புயல் வந்தபோது அந்தப் புல்சரிவுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் உரிந்து விழுந்தன. முதிர்ந்த மரங்கள் நின்ற சரிவுகள் பெரும்பாலும் தப்பின. அதன்பின் இரு வழிகளில் நட்டார்கள். சில பண்ணையாளர்கள், நாம் பூவரசம் போத்து ஊன்றுவதுபோல், பாப்லர், வில்லோ மரப் போத்துகளை மேய்ச்சல் நிலத்திலேயே இடம்விட்டு இடம்விட்டு ஊன்றினார்கள்; புல்லும் பிழைத்தது, மண்ணும் நின்றது. வேறு பல சரிவுகளைப் பைன் மரத் தோட்டங்களாக்கினார்கள். அவை முதிர்ந்ததும் ஒட்டுமொத்தமாக வெட்டினார்கள். 2023 பிப்ரவரியில் காப்ரியேல் புயல் வந்தபோது, வெட்டிப்போட்ட கிளைகளும் கட்டைகளும் சேற்றோடு இறங்கி ஆறுகளையும் பாலங்களையும் கடற்கரைகளையும் அடைத்தன. காப்பதற்காக நட்டதே கேடாக வந்து நின்றது. நட்ட கைக்கு வெட்டும் நாளைப் பற்றியும் பொறுப்பு உண்டு என்று இதைப் படித்தபோது நினைத்தோம். எங்கள் தூர் எரிந்த புகையும் நினைவுக்கு வந்தது.

கென்யாவின் வங்காரி மாத்தாய், கத்தோலிக்க அருட்சகோதரிகளிடம் கல்வி கற்றவர், 1977இல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கி 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், தம் சிறுவயதுக் கதையொன்றைச் சொல்லியிருக்கிறார். வீட்டருகே ஓர் அத்திமரம். அதிலிருந்து சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது என்று தாய் சொல்லியிருந்தார், அது கடவுளின் மரம் என்று. அதனருகே ஓர் ஊற்று. பின்னாளில் திரும்பிவந்து பார்த்தபோது மரமும் இல்லை, ஊற்றும் இல்லை. அத்தியின் வேர் ஆழத்துப் பாறையைப் பிளந்து நீரை மேலே வரவிட்டதும், மண்ணை இறுக்கிப் பிடித்ததும் அவருக்குப் படித்த பிறகே புரிந்தன. தாய் காரணம் சொல்லவில்லை, கட்டளையை மட்டும் சொன்னார். நம் தாத்தாவும் காரணம் சொல்லாமல் மரவரிசையை மட்டும் விட்டுப் போனார். காரணம் தெரியாத கட்டளையை உதறுவது அறிவு என்று எண்ணிய தலைமுறை நாம். எல்லாப் பழைய வழக்கத்துக்கும் இப்படிக் காரணம் இருக்கும் என்று சொல்லமாட்டோம். உதறுவதற்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொல்வோம்.

2016இல், இருவரும் பணிஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சரிவுக்குத் திரும்பினோம். அந்த அம்மாள் அதற்குள் இறந்துவிட்டார். அவருடைய மகன் அதே அரை ஏக்கரில் நெல்லும் கீரையும் போட்டுக்கொண்டிருந்தார். பழைய கிணறு மண்ணோடு மண்ணாய் மூடிக் கிடந்தது. 24 ஆண்டுகள் கழித்து அவர்முன் போய் நின்று, அந்த மண் எங்கள் தவறால் வந்தது, கிணற்றை இப்போதாவது தோண்டித் தருகிறோம் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கெணறு வேண்டாம் அண்ணாச்சி. போர் போட்டாச்சு. மேல இருந்து தண்ணி எறங்குற வழிய மட்டும் ஒழுங்கு பண்ணித் தாங்க. நானும் வாரேன்” என்றார். எங்கள் மனத்தில் இருந்த பரிகாரம் வேறு. அவருக்கு வேண்டியிருந்தது வேறு. ஈடு என்பது கொடுப்பவர் தம் மனநிறைவுக்காக வகுத்துக்கொள்வது ஆகாது என்று அன்று கற்றோம்.

கொத்தனாரிடமிருந்து டியூப் லெவல் இரவல் வாங்கி, மூவருமாகச் சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். நேர்கோடு வரும் என்று எதிர்பார்த்தோம். மலை வளைந்த இடமெல்லாம் அதுவும் வளைந்தது. கோட்டின்மேல் நெருக்கமாக வெட்டிவேர் நாற்று. அதற்குப் பின்னால் கேரளத்தில் சீமைக்கொன்னை என்று சொல்லும் கிளைரிசிடியாப் போத்து. தழையை வெட்டித் தென்னைக்குப் போடலாம். நீர் பாய்ந்து பள்ளம் பறித்த இரண்டு இடங்களில் கல்லடுக்கி, ஓரத்தில் நாவலும் புங்கமும். ஓடைக்கரையில் நீர்மருது. பழைய வரிசையில் புளி. இடைவெளிகளில் பனங்கொட்டைகளைப் புதைத்தோம். பனையில் பாளை வர பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் ஆகும். அதை யார் ஏறுவார் என்று அண்ணன் கேட்டார். தாத்தா புளி நட்டபோதும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். மரவள்ளியைக் கைவிட்டோம். ஏரைச் சரிவுக்குக் குறுக்கே மட்டும் ஓட்டுவது என்று தீர்மானித்தோம்.

முதலாண்டுக் கன்றுகளில் பாதி பட்டுப்போயிற்று. புளியில் நான்கை ஆடு கடித்தது. ஆட்டுக்காரரோடு ஒரு சண்டையும் நடந்தது, அதில் எங்கள் பங்கும் உண்டு. மூன்றாமாண்டு யானை வந்து தென்னையைச் சாய்த்ததோடு கிளைரிசிடியா வரிசையில் ஒரு வாசல் திறந்துவிட்டுப் போனது. வெட்டிவேர் மட்டும் எதற்கும் அசையவில்லை. அதன் மேற்புறத்தில் ஆண்டுதோறும் ஒரு விரல் மண் தங்கித் தங்கி, இப்போது முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒரு படி உருவாகியிருக்கிறது. 2023 திசம்பர் 17, 18ஆம் நாட்களில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை நெருங்கப் பெய்த அந்த மழையில், எங்கள் பக்கமும் வாய்க்கால்கள் உடைந்தன. கீழோரத்தில் ஒரு துண்டு எங்களுக்கும் பிட்டுக்கொண்டது. மரவரிசைக்கு மேலே நிலம் நின்றது.

சென்ற ஐப்பசியில் மழைவிட்ட ஒரு காலை, அந்த அம்மாளின் மகன் தம் வாய்க்காலில் வந்த நீரைக் கண்ணாடிப் புட்டி ஒன்றில் பிடித்து வரப்பின்மேல் வைத்தார். நீர் சிவப்பாகத்தான் இருந்தது. வெயில் ஏறும்வரை மூவரும் அங்கேயே உட்கார்ந்து, பேத்தியின் படிப்பைப் பற்றியும் நெல்விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். மண் மெல்ல அடியில் படிந்தது. அவர் புட்டியைத் தூக்கி, விரலை அடியில் வைத்து அளந்து பார்த்தார். “போன வருசம் ரெண்டு விரக்கடை இருந்துச்சு. இப்ப ஒண்ணு சொச்சம் இருக்கு” என்றார். அவர் முகத்துக்காகப் பேசுகிறவர் இல்லை. தெளிந்த நீரை வயலில் ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மண்ணைக் கையில் தட்டிக்கொண்டு, எங்கள் பக்கமாக நீட்டினார்.